பழைய பெட்டிக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

மடுல்கெல்ல போன்ற மலையக டவுன்களில் பலருக்குக் கம்ப்யூட்டர் என்றால் கொமினிகேஷன் கடை மேசையில் இருக்கும் பெட்டிதான். போட்டோ கொப்பி, கடந்தகால வினாத்தாள், வேலை விண்ணப்பம், சாதாரண தரப் பெறுபேறு எல்லாவற்றுக்கும் அதுவே கதி. பெறுபேறு வரும் நாளில் வாசலில் பிள்ளைகள் நிறைந்திருக்க, பெட்டியோ நீல வட்டத்தைச் சுற்றிக்கொண்டே நிற்கும். "வைரஸா அண்ணன்?" என்று யாராவது கேட்பார்கள்.

பெரும்பாலும் வைரஸ் இல்லை. வயசு.

புதிதாக வாங்கச் சொல்வது சுலபம். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. பிறகு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. கம்ப்யூட்டர் சாமான்கள் இறக்குமதிதான் என்பதால், இருப்பதைத் தேற்றி ஓட்டத்தான் பலரும் பார்க்கிறார்கள். எதை மாற்றினால் காசுக்குப் பலன் என்பதில்தான் ஆளுக்கொரு கதை.

கடைக்குப் போகுமுன் பெட்டியையே விசாரித்துவிடலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெட்டி திணறும் நேரத்தில் 'டிஸ்க்' 100 சதவீதத்தில் நின்றால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். 'மெமரி' 90ஐத் தாண்டி நின்றால் ரேம் போதாது. 'சிபியூ' விடாமல் 100இல் கிடந்தால்தான் புரொசெசரைப் பற்றிய பேச்சே வர வேண்டும். பில் அடிக்கவும் படிவம் நிரப்பவும் உள்ள பெட்டியில் அந்த நிலை அபூர்வம். கிராபிக்ஸ் கார்டு இந்த வேலைகளுக்குத் தேவையே இல்லை.

2011இல் வந்த இன்டெல் எச்61 மதர்போர்டை எடுத்துக்கொள்வோம். அதன் சாட்டா இணைப்பு வினாடிக்கு 3 கிகாபிட். இன்றைய சாட்டா எஸ்எஸ்டி 6 கிகாபிட்டுக்குச் செய்யப்பட்டது. பாதி வேகம்தானே என்று தயங்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க் தகடு தகடாகச் சுழல, அதன் முனை ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் இடம் தேடி ஓடுகிறது. வினாடிக்குச் சுமார் 100 தடவைதான் அதனால் முடியும். அசையும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி ஆயிரக்கணக்கில் தேடி எடுக்கும். ஆகவே முதல் செலவு எஸ்எஸ்டி. பழைய டிஸ்கையும் கழற்ற வேண்டாம். படங்களும் பழைய கோப்புகளும் அதில் கிடக்கட்டும்.

இரண்டாவது ரேம். எச்61இல் இரண்டு சொருகல்கள், டிடிஆர்3 மட்டும்தான். 4 ஜிபியை 8 ஆக்கினால் இந்த வேலைகளுக்குத் தாராளம். 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டதில் புதிய ரேம் விலை உலகெங்கும் எகிறியது. டிசம்பரில் மைக்ரோன் நிறுவனம் தன் 'குரூஷியல்' சில்லறை வியாபாரத்தையே கைவிடுவதாக அறிவித்தது. பழைய பெட்டிகளில் கழற்றிய டிடிஆர்3 கிடைத்தால் சோதித்துப் பார்த்து வாங்கலாம்.

சில வியாதிகளுக்குச் செலவே இல்லை. நக்கிள்ஸ் மலைப் பக்கத்துப் பனியிலும் ஈரத்திலும் ரேமின் தங்க நிறப் பற்கள் மங்கிப்போனால் பெட்டி பீப் அடித்துவிட்டு எழும்பாது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ரேமைக் கழற்றிப் பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்து மறுபடி சொருகினால் பல பெட்டிகள் உயிர் பெறும். இணையத்தளமெல்லாம் 'பாதுகாப்பில்லை' என்று மிரட்டினால் மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள். அது பல வருஷம் பின்னே போயிருந்தால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்துவிட்டது. அதை மாற்றி, நேரத்தைச் சரிசெய்தால் போதும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறைக்கு முந்திய புரொசெசரை ஏற்பதில்லை; டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பையும் கேட்கிறது. எச்61க்கு மிஞ்சும் வழி லினக்ஸ். லினக்ஸ் மின்ட் இலவசம், பழைய பெட்டியிலும் ஓடும், தமிழும் தட்டச்சு செய்யலாம். இருக்கும் பிரின்டர் அதில் வேலை செய்கிறதா என்று பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுவுவது நல்லது.

எஸ்எஸ்டி, ரேம் இரண்டுக்கும் சேர்த்து வரும் தொகை, பாவித்த 8ஆம் தலைமுறைப் பெட்டி ஒன்றின் விலையில் பாதியைத் தொட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் காசை அடுத்த பெட்டிக்குச் சேர்த்துவையுங்கள். இருக்கும் பெட்டியைக் காப்பாற்ற, இடிமின்னல் அதிகமான ஏப்ரலிலும் ஒக்டோபரிலும், மழை இருட்டும்போதே பிளக்கையும் ரவுட்டர் வயரையும் கழற்றிவிடுங்கள். சாமான் வாங்க வத்துகாமத்துக்கோ கண்டிக்கோ பஸ் ஏறுமுன் மதர்போர்டையும் ரேமின் ஸ்டிக்கரையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். டிடிஆர்4 ரேமும் எம்.2 எஸ்எஸ்டியும் எச்61இல் சொருகாது.