செராமிக் இடுப்பு மூட்டு போட்டா லைஃப்டைம் வாரன்டியா?

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன்னா தாத்தா பாட்டி சமாச்சாரம்னு நினைக்கிறோம். ஆனா 20, 30 வயசுக்காரங்களுக்கும் இது நடக்குது. இந்தியாவில் முக்கியக் காரணம் ஏ.வி.என். தொடை எலும்பின் பந்துப் பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்னு, எலும்பு செத்துப்போறது. பைக் விபத்து, அளவுக்கு மீறின குடி, ரொம்ப நாள் எடுத்த ஸ்டீராய்டு, இதுல எதுவும் காரணமாகலாம். தர்மபுரியிலிருந்து ஓசூர், பெங்களூருன்னு வேலைக்குப் போற பசங்க இதைக் கொஞ்சம் கவனிச்சுப் படிங்க.

"செராமிக் போட்டா ஆயுசுக்கும் கவலை இல்லை"ன்னு சொல்றாங்க. பாதி உண்மை. செராமிக் தேய்மானம் ரொம்பக் குறைவு, அதனாலதான் இளம் வயசுக்காரங்களுக்குப் போடுறாங்க. அபூர்வமா உடையலாம், சிலருக்கு நடக்கும்போது சத்தம் வரலாம். 2019-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வுப்படி, 25 வருஷம் தாக்குப்பிடிச்ச இடுப்பு மூட்டுகள் சுமார் 58 சதவீதம். அது எல்லா வகையும் சேர்ந்த கணக்கு, பெரும்பாலும் வயசானவங்க. 30 வயசுல போட்டவருக்கு இன்னும் 40, 50 வருஷம் ஓடணும். அப்போ இரண்டாவது ஆபரேஷன் வரலாம்னு வெச்சுத்தான் பிளான் பண்ணணும்.

என் கருத்து இதுதான்: எந்த மூட்டுங்கிறதை டாக்டர் முடிவு பண்ணட்டும். இரண்டாவது ஆபரேஷனுக்குப் பணம் யார் தர்றதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க.

கம்பெனி பாலிசி, வேலையை விட்டு விலகினா பொதுவா போயிடும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமான வரம்பு வருஷத்துக்கு 1,20,000 ரூபாய். சம்பளக்காரங்க பல பேர் அதுக்குள்ள வரமாட்டாங்க. சொந்த பாலிசியில் மூட்டு மாற்றுக்கு 3 வருஷம் வரை வெயிட்டிங் பீரியட் இருக்கலாம். அதனால நல்லா நடக்கும்போதே எடுங்க. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியிருந்தா மறைக்காதீங்க, க்ளெய்ம் ரிஜெக்ட் ஆகும். வேலை மாறும் முன்னாடி, குரூப் பாலிசியை அதே கம்பெனியின் தனிநபர் பாலிசியா மாத்த முடியுமான்னு கேளுங்க.

ஒரு கணக்கு. இன்னைக்கு 3 லட்சம் ஆகுதுன்னு வெச்சுக்குவோம். வருஷம் 10 சதவீதம் விலை ஏறினா, 20 வருஷத்துல 20 லட்சம். 10 சதவீதம் வருமானம் கிடைச்சா, மாசம் சுமார் 2,650 ரூபாய் எஸ்.ஐ.பி. அதைத் தொட்டுடும். வருமானத்துக்கு உத்தரவாதம் கிடையாது. ஆனா ஒண்ணுமே சேர்க்கலைன்னா கடன் நிச்சயம்.

கடைசியா, டிஸ்சார்ஜ் ஆகும்போது மூட்டின் பிராண்ட், லாட் நம்பர் இருக்கிற ஸ்டிக்கரை வாங்கி பத்திரமா வைங்க. 2010-ல் டெப்யூ கம்பெனி ஏ.எஸ்.ஆர். உலோக மூட்டைத் திரும்பப் பெற்றப்போ, இந்தியாவில் அதைப் போட்டிருந்தவங்க பல பேரைக் கண்டுபிடிக்கவே முடியலை. நிலப் பத்திரத்துக்குக் கொடுக்கிற மரியாதையை அந்தச் சின்ன ஸ்டிக்கருக்கும் கொடுங்க.