அனுமதி கேட்கும் கைத்தொலைபேசி



உங்கள் கைத்தொலைபேசிக்குள் என்னென்ன இருக்கின்றன என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? பிள்ளை முதன்முதலாக நடந்த நாள், மௌத்தாகிவிட்ட உம்மாவின் கடைசிப் பெருநாள், கட்டாரிலோ சவூதியிலோ தொழில் செய்யும் கணவர் அனுப்பிய குரற்செய்திகள், அத்தோடு வீட்டுக்குள் தலையை மறைக்காமல் எடுத்துக்கொண்ட படங்கள். முன்பு அல்பத்தில் ஒட்டி அலுமாரியில் பூட்டி வைத்தவை யாவும் இன்று உள்ளங்கைக்குள் இருக்கின்றன.

ஒரு நாள் போனில் இடம் நிரம்பிவிடுகிறது. படங்களைக் கணனியில் சேமித்து வைக்கலாம் என்று வயரைக் கொழுவுகிறீர்கள். சார்ஜ் ஏறுகிறது, கணனியிலோ ஒன்றையும் காணோம். உடனே மகனிடமோ தம்பியிடமோ கொடுத்துக் கடைக்கு அனுப்பி விடுகிறோம். போனைத் திறக்கும் இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கிறோம். அந்தத் துண்டு உங்கள் வீட்டின் திறப்புக்குச் சமம் என்பதை நாம் யோசிப்பதில்லை.

கடைக்கு அனுப்ப முன்னர் வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டியவை சில உள்ளன. பல வேளைகளில் போனில் பழுதே இருக்காது.

முதலாவது, வயர். சார்ஜ் ஏறுவதால் வயர் நல்லது என்று முடிவு செய்துவிடக் கூடாது. சாதாரண யூஎஸ்பி வயருக்குள் நான்கு கம்பிகள் இருக்கும். இரண்டு மின்சாரத்துக்கு, மற்றைய இரண்டும் தகவலுக்கு. மலிவான சில வயர்களில் மின்சாரக் கம்பிகள் மாத்திரமே உண்டு. அவற்றைக் கொண்டு எத்தனை முறை முயன்றாலும் படம் வராது. போனோடு பெட்டியில் வந்த வயரையோ, வேறொரு வீட்டில் படம் மாற்றிய வயரையோ வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, துளைகள். கைப்பையிலும் சட்டைப்பையிலும் கிடக்கும் போனின் சார்ஜ் துளையில் பஞ்சும் தூசியும் சேர்ந்து, வயர் முழுமையாக உட்காராது. போனை நிறுத்திவிட்டு, மரத்தாலான பல்குத்தியால் மெதுவாகத் துப்புரவு செய்யுங்கள். ஊசியோ சட்டைப்பின்னோ வேண்டாம். பின்னர் கணனியிலும் வேறொரு துளையில் மாட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, இரண்டையும் ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். சிறு குழப்பங்கள் பல இதனாலேயே நீங்கிவிடும்.

நான்காவதுதான் மிக முக்கியமானது. 2015ஆம் ஆண்டு வெளிவந்த அன்ட்ரொய்ட் 6 முதற்கொண்டு, வயரைக் கொழுவியதும் போன் சார்ஜை மட்டுமே ஏற்கும். உள்ளே இருப்பதைக் காட்டாது. திரையின் பூட்டைத் திறந்து, மேலிருந்து கீழாக விரலால் இழுத்தால் யூஎஸ்பி பற்றிய அறிவிப்பொன்று தெரியும். அதைத் தொட்டு ‘பைல் ட்ரான்ஸ்பர்’ என்பதைத் தெரிவு செய்தால்தான் கணனியில் போன் தோன்றும். படங்கள் ‘டிசிஐஎம்’ என்ற உறைக்குள் இருக்கும். ஐபோனாயின், இந்தக் கணனியை நம்புகிறீர்களா என்று அதுவே கேட்கும். ‘டிரஸ்ட்’ என்பதைத் தொட்டு இரகசிய இலக்கத்தைக் கொடுக்க வேண்டும். விண்டோஸ் கணனியில் ‘அப்பிள் டிவைசஸ்’ என்ற செயலியும் இருக்க வேண்டும்.

இதைப் பழுது என்று எண்ணிச் சலித்துக் கொள்கிறோம். ஆனால் இது ஓர் ஒழுக்கம். பிறர் வீடுகளில் அனுமதி பெறாமலும் அவ்வீட்டாருக்கு ஸலாம் சொல்லாமலும் நுழைய வேண்டாம் என்று ஸூரத்துந் நூரின் 27ஆவது வசனத்தில் அல்லாஹுத் தஆலா நமக்குக் கட்டளையிட்டிருக்கிறான். கணனி வாசலில் நிற்கிறது. வீட்டுக்காரியான உங்களிடம் போன் அனுமதி கேட்கிறது. உங்கள் வீட்டுக் கணனிக்கு அனுமதி கொடுங்கள். கொமியூனிகேஷனிலோ பஸ் நிலையத்திலோ சார்ஜ் போடும்போது இதே கேள்வி வந்தால் மறுத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் சரிவராவிட்டால், கணனியின் ‘டிவைஸ் மெனேஜர்’ பகுதியில் போனின் பெயருக்கருகே மஞ்சள் அடையாளம் இருக்கிறதா என்று வீட்டில் விபரம் தெரிந்தவர் பார்க்கட்டும். அதை அங்கிருந்து நீக்கி, வயரைக் கழற்றி மீண்டும் மாட்டினால் கணனி புதிதாக இனங்கண்டு கொள்ளும். கணனியே இல்லாமலும் வழியுண்டு. போனில் நேரடியாக மாட்டக்கூடிய பென்டிரைவ் கடைகளில் கிடைக்கிறது. எதைச் செய்தாலும் ‘பெக்டரி ரீசெட்’ என்பதைத் தொட்டுவிடாதீர்கள். உம்மாவின் படம் உட்பட எல்லாவற்றையும் அது அழித்துவிடும்.

கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், அது கூடாதென்று நான் சொல்ல வரவில்லை. தெரியாததை அறிந்தவரிடம் கேட்பது மார்க்கம் காட்டிய வழிதான். ஆனால் சிம்மையும் மெமரி கார்ட்டையும் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். சம்சுங் போன்கள் பலவற்றில் ‘மெயின்டனன்ஸ் மோட்’ என்றொரு வசதி உண்டு. அதைப் போட்டுக் கொடுத்தால் திருத்துபவருக்கு உங்கள் படங்களோ செய்திகளோ தெரியா. உங்கள் மஹ்ரமான ஒருவர் பக்கத்தில் நின்று, வேலை முடிந்ததும் வாங்கி வரட்டும். இலக்கத்தைச் சொல்லியிருந்தால் வீட்டுக்கு வந்தவுடன் மாற்றிவிடுங்கள்.

உங்கள் மகனோ சகோதரனோ இத்தகைய கடையொன்றில் வேலை செய்கிறாரா? அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். திருத்தக் கொடுத்த போன் அமானிதம். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு ஸூரத்துந் நிஸாவின் 58ஆவது வசனம் ஏவுகிறது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே இருந்த ஒரு படத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டவர் அமானிதத்தை ஒப்படைத்தவராக மாட்டார். வேலைக்குத் தேவையின்றித் திறந்து பார்ப்பதும் கூடாது.

இறுதியாக ஒன்று. ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைப்பதா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டே தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியது திர்மிதியில் பதிவாகியுள்ளது. இழக்க விரும்பாத படங்களை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைப்பதும் ஒட்டகத்தைக் கட்டுவதுதான். பிரதி எடுத்த படங்களில் சிலவற்றைக் கணனியில் திறந்து பார்த்து உறுதி செய்த பிறகே போனிலிருந்து அழியுங்கள்.

நமது வீடுகளின் கண்ணியத்தையும் மானத்தையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.