கேட்காத படக்காட்சிக்கு ஏன் கையெழுத்து?

மீளக்குடியமரும் குடும்பங்களுக்கென நடந்த ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்துக்குச் சில காலத்துக்கு முன் போயிருந்தேன். தென்மராட்சியில் ஒரு வாசிகசாலை மண்டபம், தகரக் கூரை. வந்திருந்த நாற்பது ஐம்பது பேரில் அநேகர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். மிதிவெடி அகற்றும் இடங்களுக்கு அருகே தோட்டம் செய்வோர் அறிய வேண்டியவை பற்றிய படக்காட்சி அது. சுவரில் படங்கள் அழகாக விழுந்தன. பின்னணி இசையும் கேட்டது. விளக்கவுரை மட்டும் கேட்கவில்லை. கிணற்றின் அடியிலிருந்து யாரோ முணுமுணுப்பது போல இருந்தது.

நடத்த வந்த இளைஞர் வயர்களைக் கழற்றிப் பூட்டினார். ஒலியைக் கூட்டினார். இசைதான் கூடியது. ஈற்றில், "படத்தைப் பாருங்கோ, விளங்கும்தானே" என்றார். ஒரு பாதி சிவப்பும் மறுபாதி வெள்ளையும் பூசிய கல்லின் படம் வந்தபோது பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து, "தம்பி, இதிலை எந்தப் பக்கம் நிண்டால் ஆபத்தில்லை?" என்று கேட்டார். அதற்குரிய விடை அந்தக் கேளாத குரலில் இருந்தது. சிவப்பு இருக்கும் பக்கம் ஆபத்து, வெள்ளை இருக்கும் பக்கம் பாதுகாப்பு. 2009 வரை முன்னரங்காகக் கிடந்த முகமாலைப் பக்கம் காணி உள்ளவருக்கு இது காலைக் காக்கும் செய்தி. அம்மாவுக்கு விடை கிடைக்கவில்லை. வரவுத் தாள் சுற்றி வந்தது. எல்லோரும் கையெழுத்திட்டோம், நானும் இட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இதைச் சிறிய தொழில்நுட்பக் கோளாறு என்று மன்னித்துவிடுவது தவறு என்பது என் கருத்து. கையெழுத்து இருந்தால் அறிக்கையில் நாம் பயிற்சி பெற்றவர்கள் ஆகிவிடுகிறோம். பிறகு யாரும் வந்து திரும்பச் சொல்லப்போவதில்லை.

ஒலிக் கோளாறு நமக்குப் புதிதல்ல. 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்று, பற்றரிக்கும் தடை வந்த பின், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாம். சுற்றுகிற பிள்ளையின் கை சோர்ந்தால் ரேப் றெக்கோடரில் பாடுகிறவரின் குரலும் இழுபடும். பிழை எங்கே என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. அதற்கும் முந்திய காலத்துப் படவில்லைத் தொகுதிகள் பலவற்றோடு ஒலிநாடா மட்டுமன்றி, விளக்கவுரை அச்சிட்ட சிறு புத்தகமும் வரும். நாடா சிக்கினால் ஆசிரியர் ஒருவர் எழுந்து வாசிப்பார், காட்சி நிற்காது. கொடாக் நிறுவனம் 2004 இல் படவில்லைப் புறொஜெக்ரர் செய்வதை நிறுத்தியது. அந்தச் சிறு புத்தகமும் அதோடு போய்விட்டது போலும்.

இன்றைய மடிக்கணினிக் கோளாறையும் நம்மவர் கண்டுபிடிக்கலாம். இறைப்பு மெசின் தண்ணீர் தள்ளாவிட்டால் நாம் வாய்க்காலை வெட்டிக்கொண்டு நிற்பதில்லை. கிணற்றுக்குள் கிடக்கும் புட்வால்வில் தொடங்கி, குழாய் மூட்டு காற்று இழுக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றாக மேலே வருவோம். ஒலிக்கும் அதே வழிதான். கோப்பு, கணினி, வயர், ஒலிபெருக்கி என்று வரிசையாக வர வேண்டும்.

முதலில் வயரைக் கழற்றி, கணினியின் சொந்த ஒலியில் குரல் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஒலிக் கோப்பே வந்து சேரவில்லை என்று சந்தேகிக்கலாம். 2007 வரையான பவர்பொயின்ற் பெரிய ஒலிக் கோப்புகளைத் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை, அவை இருக்கும் இடத்தை மட்டுமே குறித்துக்கொள்ளும். காட்சியை மட்டும் பென் டிரைவில் ஏற்றினால் குரல் அலுவலகக் கணினியிலேயே தங்கிவிடும். 2010 இன் பதிப்பு முதல் ஒலியும் உள்ளேயே சேமிக்கப்படுகிறது. ஆனாலும் பழைய காட்சிகள் இன்னும் கை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. முழுக் கோப்புறையையும் எடுத்து வருவது நல்லது.

கணினியில் குரல் இருந்து, புறொஜெக்ரரைப் பூட்டியதும் மறைந்தால், எச்.டி.எம்.ஐ. வயரைப் பாருங்கள். அது படத்தோடு ஒலியையும் புறொஜெக்ரருக்கே இழுத்துச் செல்லும். அதிலோ சின்னஞ்சிறு ஒலிபெருக்கி, அல்லது ஒன்றுமே இல்லை. திரையின் கீழ் மூலையில் உள்ள ஒலிக் குறியை அழுத்தி, ஒலி போகும் இடத்தை மாற்றினால் போதும். பழைய நீலத் தலை வி.ஜி.ஏ. வயரில் ஒலி போகவே போகாது, அதற்குத் தனி வயர் வேண்டும்.

அன்று எங்களுக்கு நேர்ந்தது இன்னொன்று. இசை கேட்கும், பேச்சு கேட்காது. பின்னர் வானொலி திருத்தும் ஒருவரிடம் விசாரித்தேன். விளக்கவுரை இடம் வலம் இரண்டிலும் சமனாகப் பதிந்திருக்கும். கணினியின் ஸ்டீரியோ வயரை ஒலிபெருக்கியின் மூன்று முனை மைக் துளையில் கொடுத்தால், அது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டுமே எடுக்கும். சமனான குரல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். பிளக் அரைவாசி செருகியிருந்தாலும் இதேபோல நேரலாம். ஒலியைக் கூட்டிப் பயனில்லை. வயரை மைக் துளையிலிருந்து எடுத்து, அதற்குரிய துளையில் முழுதாகச் செருக வேண்டும். ஒன்றும் சரிவராவிட்டால் மைக்கைக் கணினியின் ஒலிபெருக்கிக்கு அருகே பிடிக்கலாம். அழகில்லை, ஆனால் கேட்கும். 'ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பல வேளைகளில் அது அடங்கிவிடும்.

இவை எல்லாம் பத்து நிமிட வேலை. சனம் வருமுன் செய்ய வேண்டிய வேலை. மழை நாளில் தகரக் கூரையின் கீழ் எந்த ஒலிபெருக்கியும் தோற்கும் என்பதையும் நடத்துவோர் அறிந்து வர வேண்டும். ஆகையால் விளக்கவுரையைத் தாளில் அச்சிட்டுக் கொண்டுவரும்படி கேட்பது நமது உரிமை என்றே சொல்வேன். நம்மிடையே உரத்து வாசிக்கக்கூடிய பிள்ளைகளுக்குக் குறைவில்லை. வாசிக்கிறவரை இடைமறித்துக் கேள்வி கேட்கலாம், பதிந்த குரலை அப்படிக் கேட்க முடியாது.

அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. இம்முறை மண்ணைப் பண்படுத்துவது பற்றியாம். நாளும் இடமும் போட்டிருக்கிறார்கள். எங்கள் சங்கத்தின் சார்பில் பதில் எழுதியிருக்கிறேன்: மெசின் பூட்டுகிற நேரத்தையும் அறியத் தாருங்கள், இருவர் முன்கூட்டியே வந்து பின்வரிசையில் இருந்து கேட்டுப் பார்ப்பார்கள். வரவுத் தாளை அதற்குப் பிறகு தரலாம். அந்த அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.