ரத்தம் திரும்பினால் ஆபத்தாம்!

ஊரை விட்டு வந்து புனேயில் குப்பை கொட்டும் நம்ம தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுக்களில் ஒரு சரக்கு சுற்றிக்கொண்டே இருக்கிறது. மாரடைப்பு வந்தவருக்கு அடைப்பை அவசரமாகத் திறக்கக் கூடாதாம். திரும்பிப் பாயும் ரத்தமே இதயத்தைக் கெடுத்துவிடுமாம். கூடவே, எதிர்ப்பு சக்தி பெருக ஒரு கஷாயக் குறிப்பு.

கொடுமை என்னவென்றால், இதில் பாதி உண்மை. பாதி உண்மையை வைத்து அடிக்கிற ஜல்லிதான் முழுப் பொய்யைவிட மோசம். நான் டாக்டர் இல்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் வெள்ளணுக்களைப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவன். பார்த்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை.

முதலில் அந்த உண்மைப் பாதி. 1960-லேயே ராபர்ட் ஜென்னிங்ஸும் கூட்டாளிகளும் நாய்களின் இதயத் தமனியைக் கட்டி, பிறகு அவிழ்த்துவிட்டுப் பார்த்தார்கள். ரத்தம் திரும்பிய திசுவில் சேதம் வேகமாக முற்றியது. ஆக்சிஜன் இல்லாமல் தவித்த செல்லுக்குள் அது திடீரென நுழைந்ததும், செல்லையே அரிக்கும் ரசாயனங்கள் உருவாகின்றன. கால்சியம் உள்ளே வெள்ளமாய்ப் பாய்கிறது. செல்கள் உடைந்து, உள்ளே இருக்க வேண்டியதெல்லாம் வெளியே கொட்டுகிறது.

நம் எதிர்ப்பு அணுக்களுக்கு இது கிருமி புகுந்த வீடு மாதிரிதான் தெரியும். முதலில் ஓடி வருவது நியூட்ரோஃபில். சில மணி நேரத்தில் கூட்டம் கூட்டமாகக் குவிந்து, நுண்குழாய்ச் சுவரில் ஒட்டி, துளைத்து உள்ளே போய், கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் நொதிகளைக் கொட்டும். அங்கே கிருமியே கிடையாது. அடி வாங்குவது பக்கத்தில் பிழைத்துக் கிடக்கும் இதயத் தசை. போதாக்குறைக்கு, சில இடங்களில் நுண்குழாயையே அடைத்துக்கொள்ளும். பெரிய குழாய் திறந்திருக்கும், தசைக்கு ரத்தம் போகாது.

கஷாயக்காரரே, இந்த நேரத்தில் எதிர்ப்பு சக்தியைப் பெருக்கி என்ன செய்யப் போகிறீர்கள்?

"அப்போ அந்த அணுக்களை அடக்கிட்டா போச்சு" என்று கிளம்பாதீர்கள். அதையும் பார்த்தாகிவிட்டது. 1983-இல் நாய்களில் நியூட்ரோஃபில்களைக் குறைத்தபோது சேதம் குறைந்தது. மனிதர்களிடம் கதை வேறு. 1976-லேயே மாரடைப்பு நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்ததில், பல தவணை வாங்கியவர்களுக்குச் சேதம் கூடியது. நியூட்ரோஃபில் சுவரில் ஒட்ட உதவும் சிடி18 என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துகளை வைத்து 2001-லும் 2002-லும் இரண்டு ஆய்வுகள் வந்தன. மொத்தம் 800-க்கும் மேற்பட்ட நோயாளிகள். இறந்த தசையின் அளவு குறையவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. செத்த செல்லை அப்புறப்படுத்துவதும் இதே அணுக்கள்தான். பின்னால் வரும் மேக்ரோஃபேஜ்கள் முதலில் குப்பையை அள்ளுகின்றன, சில நாள் கழித்துத் தழும்பு கட்ட உதவுகின்றன. 2017-இல் எலிகளிடம் நியூட்ரோஃபில்களை ஒழித்துப் பார்த்தபோது இதயம் இன்னும் மோசமாகத்தான் ஆறியது. ஆகவே எதிர்ப்பு சக்தி என்பது ஏற்றினால் நல்லது, இறக்கினால் கெட்டது என்கிற ரேடியோ வால்யூம் இல்லை சாமி.

இப்போது அந்தப் பொய்ப் பாதிக்கு வருவோம். தீயணைப்பு வண்டித் தண்ணீரில் வீட்டுச் சாமான் நனையும் என்பதற்காக வண்டியைத் திருப்பி அனுப்புவீர்களா? இத்தாலியில் 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 1986-இல் வெளிவந்தது. கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் பெறாதவர்களில் 21 நாளில் இறந்தவர்கள் 13 சதவீதம், பெற்றவர்களில் 10.7. வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் பெற்றவர்களைத் தனியாகப் பார்த்தால், 15.4 சதவீதம் 8.2 ஆகக் குறைந்தது. ரத்தம் திரும்பியதால் வரும் சேதத்தையும் சேர்த்த கணக்குதான் இது.

இன்னொன்று. 1977-இல் ரைமரும் ஜென்னிங்ஸும் காட்டியபடி, தசைச் சாவு உட்புறத்தில் தொடங்கி, நேரம் ஆக ஆக அலைபோல வெளிப்புறம் நகர்கிறது. அதிகத் தசை செத்தால் அதிக அழைப்பு. அதிக அழைப்பு என்றால் அதிக வெள்ளணுப் படை. அந்தப் படையை அடக்க நம்பகமான மருந்து இன்றைக்கும் கையில் இல்லை. நம் கையில் இருப்பது நேரம் ஒன்றுதான். அதைத்தான் இந்த ஃபார்வர்டுகள் திருடுகின்றன.

வெளியூரில் இருக்கும் நம்மிடம் இந்தத் திருட்டு இன்னும் சுலபம். ஊரில் அப்பாவுக்கு நெஞ்சைப் பிசைகிறது. "பெரியவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணலாம்" என்கிறார் சித்தப்பா. பெரியவன் மீட்டிங்கில் இருக்கிறான். போனை எடுத்ததும், "அவசரப்படாதீங்க, நான் ராத்திரி வண்டி ஏறிடறேன்" என்கிறான். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் இதயத் தசைக்கு நம் பாசம் புரியாது.

அதனால் இன்றைக்கே ஊருக்குப் போன் போடுங்கள். "நெஞ்சு வலின்னா எனக்காகக் காத்திருக்காதீங்க. முதல்ல 108, அப்புறம் ஈசிஜி, அப்புறம் எனக்குப் போன். கையெழுத்தை அங்கே இருக்கிறவங்களே போடுங்க" என்று சொல்லிவையுங்கள். ஈசிஜியில் முழு அடைப்பின் அடையாளம் தெரிந்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய வழி இருந்தால் அதுதான் முதல் தேர்வு. இல்லாவிட்டால், ஒத்துக்கொள்ளும் உடம்புக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசியை உடனே போட்டுவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். எது என்பதை அங்கே இருக்கும் டாக்டர் சொல்லட்டும், குடும்பக் குழு சொல்ல வேண்டாம்.

அந்த ஃபார்வர்டை அடுத்த முறை யாராவது போட்டால், மாமாவாக இருந்தாலும் சரி, மச்சானாக இருந்தாலும் சரி, அங்கேயே மறுத்துப் பேசுங்கள். மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிற விஷயம் இல்லை இது.

டிஸ்கி: இது மருத்துவ ஆலோசனை இல்லை. நெஞ்சு வலிக்கும்போது பதிவு படித்துக்கொண்டிருக்காதீர்கள். மகாராஷ்டிராவிலும் எண் 108தான்.