பிறர் வீட்டு அலுமாரியில் ஒரு மனநிறைவு

வீட்டை ஒழுங்குபடுத்தித் தருவதற்கென்று ஓர் அந்நியரை வரவழைத்து, அவருக்கு மணிக்கணக்கில் ஊதியமும் கொடுப்பது என்றால் நம் பாட்டிமார் மூக்கின்மேல் விரலை வைப்பார்கள். "ஏன், அந்த வீட்டுக்காரிக்குக் கைகால் இல்லையோ?" என்பதே அவர்களுடைய முதற் கேள்வியாக இருக்கும். ஆயினும் ஐக்கிய அமெரிக்காவில் இது இன்று முறையானதொரு தொழில். இத்தொழில் புரிவோரை இல்ல ஒழுங்கமைப்பாளர் என்று நாம் அழைக்கலாம். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு சில பெண்மணிகள் ஒன்றுகூடியதன் பயனாக, 1985ஆம் ஆண்டில் அவர்களுக்கென்று ஒரு தேசிய சங்கமும் தோன்றிற்று. பிறருடைய பழைய சட்டைகளையும் வெற்றுப் பேணிகளையும் தரம் பிரிப்பதில் அப்படி என்ன மனநிறைவு இருக்க முடியும்? இவ்வாரம் அதனைச் சற்று ஆராய்வோம்.

முதலில் அந்நாட்டு வீடுகளின் நிலையைப் பார்ப்போம். 2001 முதல் 2005 வரை, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் பிரிவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், தாய் தந்தை இருவரும் உத்தியோகம் பார்க்கும் 32 குடும்பங்களின் வீடுகளுக்குச் சென்று, அங்குள்ள பொருட்களையும் அன்றாட வாழ்க்கையையும் படம்பிடித்து ஆராய்ந்தனர். முதலிற் கணக்கெடுத்த வீட்டிலே, இரண்டு படுக்கையறைகளிலும் கூடத்திலும் மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி இருந்த பொருட்கள் 2,260. அலுமாரிக்குள்ளும் லாச்சிக்குள்ளும் மறைந்து கிடந்தவை இக்கணக்கிற் சேரா. மோட்டார் வண்டிக்கென்று கட்டிய கொட்டகையிற் சாமான்கள் நிறைந்திருக்க, வண்டியோ பெரும்பாலான வீடுகளில் வெளியே நின்றது.

செல்வர்களின் வீண் கவலை இது என்று நாம் தள்ளிவிடலாம். ஆனால் அதே ஆராய்ச்சியின் வழியாக 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கட்டுரை நம்மைச் சிந்திக்க வைக்கின்றது. கோர்ட்டிசோல் என்னும் சுரப்பு காலையில் உயர்ந்து, மாலையாகும்போது தணிவது உடலின் இயல்பு. தம் வீட்டைப் பற்றிப் பேசும்போது குழப்பம், குவியல், முடியாத வேலை என்று மிகுதியாகக் கூறிய மனைவியரிடத்தில் அத்தணிவு குறைந்து காணப்பட்டது. குவியல் உளைச்சலைத் தந்ததா, உளைச்சலுற்ற கண்ணுக்குக் குவியல் பெரிதாய்த் தெரிந்ததா என்பதை அந்த ஆராய்ச்சி பிரித்துக் காட்டவில்லை. ஆயினும் நாற்காலியின்மேற் கிடக்கும் துணிக்குவியல் யாருடைய மனத்தில் ஏறி உட்காருகின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்தச் சுமையை அறிவினால் அளந்து பார்த்தவர்களிலே சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர் லிலியன் கில்பிரெத் அம்மையார். 1878ஆம் ஆண்டு பிறந்த இவர், 1915ல் பிரௌண் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். கணவர் பிராங்குடன் சேர்ந்து, தொழிற்சாலைகளில் வேலை செய்வோரின் கையசைவுகளைப் படம்பிடித்து, வீண் அசைவுகளைக் குறைக்கும் வழிகளைக் கண்டார். 1924ல் கணவர் திடீரென மறைந்தார். வீட்டிலே பதினொரு பிள்ளைகள். அதுவரை கணவன் மனைவி இருவரின் ஆலோசனையைப் பெற்றுவந்த நிறுவனங்கள் சில, தனித்து நின்ற பெண்ணுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விரும்பவில்லை. ஆலைக் கதவுகள் இவ்வாறு மூடப்பட்டதும், அம்மையார் சமையலறைக்குள் நுழைந்தார். சமைப்பதற்காக அன்று, அளப்பதற்காக.

அடுப்பும் மேசையும் நீர்த்தொட்டியும் எவ்வெவ்விடத்தில் இருந்தால் ஒரு பெண்ணின் நடை குறையும் என்று அவர் கணக்கிட்டார். ஒரு வகைக் கேக் செய்வதற்கு 281 அடிகள் நடக்க வேண்டியிருந்த சமையலறையை மாற்றியமைத்து, அதே வேலையை 45 அடிகளில் முடிக்கலாம் என்று காட்டினார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டியும், குளிரூட்டிக் கதவின் உட்புறத் தட்டுகளும் அவருடைய யோசனைகள் என்பர். 1935ல் பேர்டியூ பல்கலைக்கழகத்தின் பொறியியற் பகுதியிற் பேராசிரியையாகவும் அமர்ந்தார். இத்தனைக்கும் அம்மையாருக்குச் சமையல் அவ்வளவாக வராது! சமையற்கட்டைப் பற்றி நமக்கு உபதேசம் செய்ய வரும் ஆடவர்களுக்கு இது சற்று ஆறுதலாக இருக்கலாம்.

எமக்கு இதில் முக்கியமாகப் படுவது அடிகளின் கணக்கன்று. பெண்கள் கூலியின்றியும் பெயரின்றியும் செய்துவந்த வேலைக்குள்ளே கற்கத்தக்க ஓர் அறிவு இருக்கின்றது என்று அவர் நிலைநாட்டியதே பெரிது. மிச்சப்படும் நேரம் மேலும் வேலை செய்வதற்கன்று, மகிழ்ந்திருப்பதற்கே என்பதும் கில்பிரெத் தம்பதியரின் கொள்கை.

இனி, இல்ல ஒழுங்கமைப்பாளர் செய்வது யாது? நல்லவரான ஒருவர் முதல் நாளில் எதையும் தொடுவதில்லை. வீட்டைச் சுற்றிப் பார்ப்பார், கேட்பார். காலையிலே எந்தப் பொருளைத் தேடி நேரம் போகின்றது? பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளை புத்தகப் பையை எங்கே போடுகின்றது? பிறகு ஒரே இனத்துப் பொருட்களை ஓரிடத்திற் சேர்ப்பார். நான்கு இடங்களிற் கிடந்த கத்தரிக்கோல்கள் ஒரே மேசைமீது வந்து சேரும்போதுதான், ஏழு கத்தரிக்கோல்கள் இருந்தும் நாள்தோறும் ஒன்றைத் தேடிய கதை வீட்டாருக்கு விளங்கும். வைத்துக்கொள்பவை, கொடுத்துவிடுபவை, எறிபவை என்று பிரித்தபின், எஞ்சியவற்றுக்கு அவை பயன்படும் இடத்துக்கு அருகிலேயே இருப்பிடம் கொடுப்பார். பிள்ளை எடுக்கும் பொருள் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். வாசிக்கத் தெரியாத குழந்தையாயின் பெட்டியின்மேல் எழுத்துக்குப் பதிலாகப் படம் ஒட்டப்படும்.

ஆனால் எதை எறிவது என்று தீர்மானிப்பவர் ஒழுங்கமைப்பாளர் அல்லர். இத்தொழிலின் நுட்பமும் சிரமமும் இங்கேதான் இருக்கின்றன. தம் கையாற் செய்தால் அரைமணியில் முடியும் வேலைக்கு, வீட்டுக்காரி தயங்கித் தயங்கித் தீர்மானிக்கும்வரை மூன்று மணிநேரம் பக்கத்தில் இருக்க வேண்டும். குத்திக்காட்டக் கூடாது; அவசரப்படுத்தக் கூடாது. கண்டதை வெளியிற் சொல்லவும் கூடாது. பிறரை வெட்கப்படுத்தி வீட்டைப் பளிச்சிட வைப்பவர், அடுத்த மாதமும் அதே அலுமாரியை ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கும். பொறுத்திருந்தவருக்கோ வேறொரு பலன் கிட்டும்: முதல் நாளில் ஒவ்வொன்றுக்கும் "என்ன செய்யட்டும்?" என்று கேட்ட பெண், நான்காம் நாளிற் கேளாமலே பிரித்து வைப்பாள். வெகுநாட்களாகத் தன் வீட்டிலே தானே அந்நியளாக நின்றவள் மீண்டும் வீட்டுக்காரியாகின்ற அந்த நேரம், ஊதியத்திற் சேராத ஊதியம். தாம் இனித் தேவையில்லை என்ற நிலையை உண்டாக்கிவிட்டு மகிழும் தொழில்கள் உலகில் அதிகமில்லை. ஆசிரியத் தொழிலை அவற்றுள் ஒன்றாகச் சொல்லலாம்.

எல்லாக் குவியலும் நேரமின்மையால் வருவதன்று. எதையும் விடமுடியாமற் சேர்த்து வைத்து, நடக்க வழியின்றிப் போகும் நிலையை ஒரு மனநோயாக அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013ல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூல் தனியே வகுத்துள்ளது. அத்தகைய வீட்டில் வைத்தியரின் உதவியை நாடச் சொல்வதே ஒழுங்கமைப்பாளரின் கடமை.

ஜப்பானியரான மரி கொண்டோவைப் பற்றிக் கேள்விப்படாத மாணவர்கள் குறைவாகவே இருப்பர். பல்கலைக்கழக மாணவியாய் இருக்கையில், 19 வயதிலேயே இத்தொழிலைத் தொடங்கிய அவருடைய நூல் 2014ல் ஆங்கிலத்தில் வெளிவந்து உலகெங்கும் பரவிற்று. ஒரு பொருளைக் கையிலெடுத்து, அது உள்ளத்தில் மகிழ்ச்சியை எழுப்புகின்றதா என்று கேட்டுப் பார்ப்பதே அவருடைய முறை. மூன்று பிள்ளைகளுக்குத் தாயானபின், வீட்டை முன்போல ஒழுங்காக வைப்பதைத் தாமே ஓரளவு கைவிட்டதாக 2023ல் அவர் கூறியபோது நகைத்தவர் பலர். எம்முடைய அபிப்பிராயத்தில் அவர் கூறியவற்றுள் மிகவும் பயனுள்ளது அதுதான். தவழும் குழந்தை உள்ள வீடு கண்காட்சிச் சாலையைப்போல் இருக்க வேண்டுமென்பது யார் விதித்த விதி?

அவருடைய கேள்வி எல்லார்க்கும் பொருந்துமென்றும் சொல்வதற்கில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவில், மழையிலும் நெரிசலிலும் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த குடும்பமொன்று கையோடு கொண்டுவந்த பித்தளைச் செம்பு, எடுத்துப் பார்க்கும்போது மகிழ்ச்சியையா எழுப்பும்? நெளிந்து கறுத்து அடுப்படி மூலையில் இருந்தாலும் அதற்கு அவ்வீட்டில் இடமுண்டு. ரொறொன்ரோவிலோ இலண்டனிலோ நம்மவர் வீட்டுக்குள் நுழையும் ஒழுங்கமைப்பாளர், "இது எதற்கு?" என்று கேட்கும் தொனியிலேயே அவருடைய தகுதி வெளிப்பட்டுவிடும்.

இத்துறையில் இறங்க விரும்பும் மாணவியர் அழகிய பெட்டிகள் வாங்குவதில் தொடங்க வேண்டியதில்லை. அமெரிக்காவிலே சான்றிதழ்ப் பரீட்சைக்குத் தோற்றுவதற்கே 1,500 மணிநேரம் ஊதியம் பெற்று வேலை செய்த அனுபவம் கேட்கின்றார்கள். கேட்டறியும் பழக்கத்துக்கு வீட்டிலே ஒரே ஒரு லாச்சி போதும். அதுவும் உங்களுடையதாக இருக்கட்டும். அம்மாவின் அலுமாரிக்கு அவர் அழைத்தாலன்றிப் போகாதீர்கள்.

அனுபவமுள்ள ஒழுங்கமைப்பாளரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. கொடுத்துவிடுவதென்று தீர்மானித்த மூட்டைகளை அன்று மாலையே தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். இரவு அங்கே தங்கினால், விடிவதற்குள் பாதிச் சட்டைகள் மீண்டும் அலுமாரிக்குட் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும்.