தூக்கமும் ஒரு வொர்க் அவுட்தான் மக்களே!

ஒரு சின்ன கேள்வி. நேத்து ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீங்க?

"ஒரு மணி ஆயிடுச்சு" என்று சொல்பவர்கள் நம்ம கிளாஸிலேயே நிறைய பேர் இருப்பார்கள். அதையும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்வோம். லேட்டாகத் தூங்குபவன் உழைப்பாளி, பத்து மணிக்குப் படுப்பவன் சோம்பேறி என்று நமக்குள் ஒரு கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்பது என் கருத்து. அதிலும் உடம்பை ஃபிட்டாக வைக்க நினைப்பவர்களுக்கு அது பெரிய நஷ்டக் கணக்கு.

உத்திரமேரூர் பக்கம் இப்போ ஃபிட்னஸ் ஆசை கூடியிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஜிம்முக்குப் போகிறவர்கள், போலீஸ் செலக்‌ஷனுக்காக விடியற்காலையில் 1500 மீட்டர் ஓடிப் பழகுகிறவர்கள், கபடி டீம் என்று எல்லாரும் உழைக்கிறார்கள். முட்டை எத்தனை, வாழைப்பழம் எத்தனை, புரோட்டீன் பவுடர் எத்தனை ஸ்கூப் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. தூக்கத்துக்கு மட்டும் கணக்கே கிடையாது.

ஆனால் உடம்பு எப்படி வேலை செய்யுது? வெயிட் தூக்கும்போது தசை வளர்வதில்லை. அப்போது அதற்கு வேலைப்பளுதான் கொடுக்கிறோம். அது சீராகி பலமாவது ஓய்வில். வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பதும் படுத்த முதல் சில மணி நேரத்து ஆழ்ந்த தூக்கத்தில்தான். ஜிம்மில் ஆர்டர் கொடுக்கிறோம், டெலிவரி தூக்கத்தில் வருது. அவ்வளவுதான்.

நம்பலையா? சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஒரு ஆய்வு 2010-ல் வெளியானது. எடை குறைக்க டயட்டில் இருந்த 10 பேரை 14 நாள் 8.5 மணி நேரமும், இன்னொரு 14 நாள் 5.5 மணி நேரமும் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். இரண்டு முறையும் குறைந்தது கிட்டத்தட்ட 3 கிலோ. ஆனால் நல்லா தூங்கினபோது அதில் கொழுப்பு 1.4 கிலோ, தூக்கம் குறைந்தபோது வெறும் 0.6 கிலோ. மிச்சம் போனது தசை உட்பட கொழுப்பில்லாத எடை. அதாவது தூங்காமல் டயட் இருந்தால் கரைய வேண்டியது நிற்கும், நிற்க வேண்டியது கரையும்!

அடுத்தது ஸ்டான்ஃபோர்டு, 2011. பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரை தினமும் 10 மணி நேரம் படுக்கையில் இருக்க வைத்தார்கள். சில வாரங்களில் அவர்களுடைய ஸ்பிரிண்ட் நேரம் 16.2 விநாடியிலிருந்து 15.5 ஆனது. ஃப்ரீ த்ரோ 9 சதவீதம் கூடியது. இரண்டுமே சின்ன ஆய்வுகள்தான். ஆனால் ஓட்டத்தில் ஒரு விநாடியில் வேலையைத் தவறவிட்டவர்களைக் கேளுங்க, அந்த 0.7-இன் மதிப்பு தெரியும்.

இதைவிட சீரியஸான விஷயம் ஒன்று. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவர் அளவுக்குக் கவனம் மந்தமாகிறது என்று 1997-லேயே ஆய்வில் காட்டினார்கள். நம்ம நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம். காலையில 5 மணிக்கு எழுந்தவருக்கு 17 மணி நேரம் ராத்திரி 10-க்கே முடிஞ்சுடுது. அதுக்கு மேல செங்கல்பட்டு ரோட்டில் பைக் எடுக்கும்போது இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

"எல்லாம் சரி பாஸ், டைம் எங்க இருக்கு?" நியாயமான கேள்வி. காலேஜ் பஸ் பிடிக்க விடியலில் எழுந்து, வீடு திரும்ப ஆறு மணி ஆகிற டே ஸ்காலருக்கு நேரம் குறைவுதான். ஆனால் படுத்த பிறகு ரீல்ஸ் தள்ளுகிற நேரம் யாருடையது? 10.30-க்குப் படுத்து 5.30-க்கு எழுந்தாலே 7 மணி நேரம் வந்துடும். "எங்க தாத்தா நாலு மணிக்கே கழனிக்குப் போனார்" என்று சொல்றவங்க, அவர் எட்டரைக்கே படுத்ததையும் சேர்த்துச் சொல்லணும்!

தப்பு முழுக்க மாணவர்கள் மேல் மட்டும் இல்லை. அசைன்மென்ட் டெட்லைனை ராத்திரி 11.59 என்று வைத்தால், நாங்க 11.58 வரை உட்காரத்தான் செய்வோம். அதை மாலை 7 மணி ஆக்கினால் என்ன? எந்தச் செலவும் இல்லாத மாற்றம் இது. ஆசிரியர்கள் யோசிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. சாயந்திரத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். குடித்த காஃபினில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். போனை அடுத்த ரூமில் சார்ஜ் போடுங்க. வாரத்தில் ஒரு நாள் வொர்க் அவுட்டுக்கு லீவு விடுங்க. வீட்டில் யாராவது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்கினால் டிவி சத்தத்தைக் குறைங்க. அவங்க உடம்பும் உடம்புதானே!

இதைப் படிக்கும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தால், அடுத்த பக்கம் நாளைக்குப் பார்த்துக்கலாம். போய் தூங்குங்க மக்களே!