சொரண்டிக்கு யார் காசு?

காலைப் பெரட்டில் "இன்றைக்குப் புல்லு வெட்டு" என்று சொன்னதும் நம் பெண்கள் லயத்துக்குத் திரும்பிப் போய்ச் சொரண்டியை எடுத்து வருகிறார்கள். ஸ்டோரில் சொரண்டி கொடுக்கும் தோட்டங்களும் உண்டு. ஆனால் நாங்கள் போய்ப் பார்க்கும் மலைகளில் அதிகம் இருப்பது சொந்தக் காசில், சொந்தக் கையால் செய்த சொரண்டிதான்.

பழைய லொறியின் ஸ்பிரிங் பட்டையில் ஒரு சாண் துண்டு, இல்லாவிட்டால் தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தி. அதைக் கரியடுப்பில் சிவக்கக் காய்ச்சி, நுனியை வளைத்து, விளிம்பைத் தட்டி, அரத்தால் ராவி, கொய்யாக் கம்பில் பிடி போட வேண்டும். சொல்வது லேசு. ஸ்பிரிங் பட்டையைச் சிவந்தபடியே தண்ணீரில் தோய்த்துவிட்டு அப்படியே விட்டால், முதல் கல்லில் பட்டதுமே வாய் உடைந்துவிடும். தோய்த்த பிறகு மறுபடி அளவாகச் சூடு காட்ட வேண்டும். அந்தப் பக்குவம் தெரிந்த பெரியவர்கள் டிவிசனுக்கு ஒருவர், இருவர்தான் மிஞ்சியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் கூலியும் நம் வீட்டுக் கணக்கில்தான் விழுகிறது.

வாய் எவ்வளவு அகலம் என்பதும் சின்ன விஷயமல்ல. அகலமான சொரண்டி வேலையைச் சீக்கிரம் முடித்துவிடும், ஆனால் புல்லோடு மேல்மண்ணையும் சேர்த்துச் சீவிவிடும். சரிவான மலையில் அடுத்த மழைக்கு அந்த மண் கானுக்குள் போய்விடும், தேயிலை வேர் வெளியே தெரியும். இரண்டு விரல் அகலமுள்ள சொரண்டி புல்லின் தூரை மட்டும் கிளறி எடுக்கும். மண் தங்கும், ஆனால் நேரம் பிடிக்கும். இஞ்சிப்புல் என்றால் எந்தச் சொரண்டியும் உதவாது. முள்ளுப் போட்டு மண்ணுக்குள் ஓடும் தண்டு முழுவதையும் எடுக்க வேண்டும். ஒரு துண்டு மிஞ்சினாலும் மறுபடி முளைக்கும். தொட்டாச்சிணுங்கி மண்டிய இடத்தில் வெறுங்கையை வைக்க முடியாது. இவ்வளவு வித்தியாசம் இருக்க, கொந்தரப்புக் கொடுக்கும்போது எல்லா மலைக்கும் ஒரே அளவு போடுவது என்ன நியாயம்? அளவை முடிக்கத்தான் அகலச் சொரண்டியைத் தூக்குகிறோம். பிறகு மண் போய்விட்டது என்று ஏச்சு வாங்குவதும் நாம்தான்.

2015இல் கிளைபோசேட் தடை செய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதித்தார்கள். 2021இல் உரத்தோடு களைநாசினி இறக்குமதியும் நின்றது, அந்த வருடம் முடிவதற்குள் அதையும் மாற்றினார்கள். எந்த மருந்து வேண்டும், வேண்டாம் என்று கம்பனிகளும் அரசாங்கமும் நிபுணர்களும் பேசினார்கள். மருந்து இல்லாத நாட்களில் மலையைச் சுத்தமாக வைத்திருந்த கையில் என்ன ஆயுதம் இருந்தது என்ற பேச்சு மட்டும் எழவில்லை.

மருந்து அடிக்கும் டாங்கியை வீட்டிலிருந்து கொண்டுவா என்று எந்த நிர்வாகமாவது சொல்லுமா? புல்லு வெட்டும் மெசினுக்குப் பெற்றோல் நம் காசிலா? பெண்கள் கையில் பிடிக்கும் சாமான் என்றால் மட்டும் ஏன் அது வீட்டுச் சாமான் ஆகிறது?

எங்கள் மீதும் குறை இருக்கிறது. சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது நாள் சம்பளம், கொழுந்து நிறை என்று பேசிவிட்டு வருகிறோம். சொரண்டி அந்தக் கடதாசியில் ஏறுவதில்லை. நம் ஆட்களின் கைத்திறமையைப் புகழும் பேச்சும் எங்களிடம் உண்டு. திறமை உண்மைதான். அதற்காக அது இலவசமாகிவிடக் கூடாது.

நிர்வாகம் நல்ல சொரண்டியும் முள்ளும் கொடுக்கட்டும், அல்லது செய்துகொள்ளும் செலவைத் தரட்டும். தீட்டுவதற்கான அரத்தையும் நேரத்தையும் வேலையில் சேர்க்கட்டும். கொந்தரப்பு அளவைப் புல்லைப் பார்த்துப் போடட்டும். இதைத் தோட்டம் தோட்டமாகக் கேட்கப் போகிறோம், அதற்குக் கணக்கு வேண்டும். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் சொரண்டியையும் கொண்டு வாருங்கள். இரும்பு, பட்டறைக் கூலி, அரம் என்று இந்த வருடம் எவ்வளவு போனது என்பதைத் தலைவரிடம் சொல்லி எழுதி வையுங்கள்.